அறுவடைக்கு முந்திய மனம்

ஆலைக்கரும்பு ஏறக்குறைய ஒரு வருடப் பயிர். பொங்கலுக்குக் கடித்துத் தின்கிற கரும்பு வேறு. இது சர்க்கரை ஆலைக்குப் போவதற்கென்றே நட்டது. கரணை ஊன்றிய நாளிலிருந்து கடைசி லோடு ஏறுகிற நாள்வரை வீட்டிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். உரம், களை, மண் அணைப்பு, சோகை உரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கூலி. திரும்பி வருவது ஒரே தடவை, மொத்தமாக. அதுவும் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த பிறகுதான். அதற்கு முந்திய சில மாதங்களில் மளிகைக் கடை நோட்டில் பக்கம் நிறைந்திருக்கும்; பீரோவில் நகை டப்பா காலியாயிருக்கும்.

அந்த மாதங்களில் சிறுநகரத்து அடகுக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண், காது தூர்ந்துவிடாமலிருக்க ஒரு ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொள்வாள். கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, கல்லுக்கும் அரக்குக்கும் எடை கழித்து ஒரு தொகை சொல்வார். பேரம் அதிகம் நடக்காது. சீட்டை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்குவாள். அன்று முழுக்க அவளுக்கு அந்தச் சீட்டுதான் நினைப்பு. குழந்தை இரண்டு முறை கூப்பிட்டும் காதில் விழாமல் போகும்.

காதில் விழாததை யாராவது அளக்க முடியுமா? விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஏறக்குறைய அதைத்தான் அளந்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் என்ற நால்வர். அவர்கள் ஆய்வு 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன்பு ஒரு தடவை, பணம் கைக்கு வந்தபின் ஒரு தடவை, அதே ஆட்களுக்கு அதே வகைப் புதிர்கள். ஒன்று, கோலம் போன்ற வடிவத்தில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிப்பது. இன்னொன்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்துவது: தாளில் '5 5 5' என்று இருக்கும், எத்தனை எண்கள் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். மூன்று என்று சொல்ல ஒரு கணம் தன்னைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த ஒரு கணம்தான் பரீட்சை.

கோலப் புதிரில் அறுவடைக்கு முன்பு சராசரியாக 4.35 சரியான விடைகள், பின்பு 5.45. எண் புதிரில் முன்பு தாமதமும் தவறும் கூடுதல். இடையில் என்ன மாறியது? முன்பு நூற்றுக்கு 78 பேரின் பொருள் ஏதாவது அடகில் இருந்தது. பின்பு 4 பேருடையது. கடன் இருந்தவர்கள் 99 பேர், பின்பு 13.

அறிவு மந்தம் என்றும் பொறுப்பில்லாதவர் என்றும் நாம் பெயர் வைக்கிற ஆள், சில மாதம் கழித்து அதே தலையோடு வேறு மாதிரி யோசிக்கிறார்.

*

ஏன் கரும்பைத் தேர்ந்தார்கள் என்பது எனக்கு முடிவுகளைவிடப் பிடித்திருக்கிறது. நெல் என்றால் ஊரே ஒரே சமயத்தில் அறுத்துவிடும். புத்தி தெளிந்ததற்குப் பணம் காரணமா, வெயில் குறைந்தது காரணமா, தை பிறந்தது காரணமா என்று பிரிக்க முடியாது. ஆலையால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அரைக்க முடியும் என்பதால் வெட்டு உத்தரவை மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்துத் தருகிறது. ஒரே ஊரில், ஒரே மாதத்தில், ஒருவர் கையில் பணம் இருக்கும்; வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் கையில் அடகுச் சீட்டு இருக்கும். ஆலையின் இயந்திரம் தனக்குத் தெரியாமலே ஒரு மனோதத்துவச் சோதனையை வருடா வருடம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை பழக்கத்தால் நன்றாகச் செய்துவிடுவார்களோ என்ற சந்தேகத்துக்காக, 100 பேரை அறுவடைக்குப் பிறகே முதல்முறையாகச் சோதித்தும் பார்த்தார்கள்.

மறுப்பும் உண்டு. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்த இன்னொரு ஆய்வு, 2016இல் வெளியானது, இப்படி ஒரு வித்தியாசத்தைக் காணவில்லை. அதையும் குறித்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் மாதக் கடைசியின் இழுபறியும் ஒரு வருடக் காத்திருப்பும் ஒரே பாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த தேதி தெரியும். கரும்புக்காரருக்கு அது ஆலையின் கையில்.

சட்டப்படி அப்படி இருக்கவும் கூடாது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு ஆலைக்கு வந்த 14 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. நிலுவைத் தொகை கேட்டுக் கரும்பு விவசாயிகள் ஆட்சியர் அலுவலகத்தின் முன் உட்காரும் படம் தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை தடவை வந்திருக்கும்! அதைப் பொருளாதாரச் செய்தி என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். மனநலச் செய்தி என்றும் படிக்கலாம்.

ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கிற தொழிலாளர்களிடம் பின்னாளில் ஒரு ஆய்வு நடந்தது. கைவறண்ட பருவம். ஏற்கெனவே செய்த வேலைக்கான கூலியில் ஒரு பகுதியைச் சிலருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தார்கள். மொத்தக் கூலி கூடவில்லை, தேதி மட்டும் முன்னால் வந்தது. கடன்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்தவர்கள், கிட்டத்தட்ட 7 சதவீதம் கூடுதலாகத் தட்டுத் தைத்தார்கள். தையலில் பிழையும் குறைந்தது.

*

சென்னையில் ஒற்றை அறை வீட்டு இரவு. ஐந்து பேர், ஒரு மின்விசிறி. விசிறிக்கு நேர்கீழே யார் என்பதில் வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. பெரும்பாலும் கைக்குழந்தை, அல்லது காலையில் முதலில் எழுந்து போகிறவர். மின்சாரம் போனால் முதலில் எழுவது கொசுக்கள். பிறகு குழந்தை. பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஒரு ஊர்வலம். அங்கே தெருநாய்களின் பஞ்சாயத்து. விடிவதற்கு முன்பே தண்ணீர் லாரியின் ஹார்ன். குடங்கள் உருளும் சத்தம்.

இந்த நகரத்தில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்கு ஒரு மாதம் கணினியில் விவரம் ஏற்றும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். பெட்ரோ பெசோனும் உடன் நால்வரும் செய்தது, 2021இல் வெளிவந்தது. படுக்கையில் கிடந்தது 8 மணி நேரம், தூங்கியது ஐந்தரை. நடுவில் விழிப்பு, புரளல், மறுபடி விழிப்பு. தூக்கமின்மை நோயாளிகளின் அளவுக்குக் கிழிந்த தூக்கம். கேட்டால் 'நல்லாத்தான் தூங்கறேன்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். வேறு தூக்கம் பார்த்தால்தானே ஒப்பிட!

அவர்களில் சிலருக்கு மெத்தை, விசிறி, கண்பட்டி, காதடைப்பான் முதலியன கொடுத்து, தூக்கத்தைப் பற்றி எடுத்தும் சொன்னார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறன் கூடவில்லை, மனநிலையும் குறிப்பிடும்படி மாறவில்லை. நிபுணர்கள் பெரிய பலனை எதிர்பார்த்திருந்தார்கள். மாறாக, வேலையிடத்திலேயே மதியம் அரைமணி நேரம் படுக்க இடம் கொடுக்கப்பட்டவர்களிடம் மாற்றம் தெரிந்தது. சுறுசுறுப்பு, கவனம், மனநிம்மதி மூன்றும் ஏறின. காரணத்தை உறுதியாகச் சொல்வது கடினம். எனக்குப் படுவது இது: காதடைப்பான் அதே அறைக்குள் கொண்டுபோய்ச் செருகிய பஞ்சுதான். அறை அப்படியேதான் இருந்தது. மதியத் தூக்கம் நடந்ததோ வேறு இடத்தில். அமைதியான இடம், ஒரு விசிறி, யாரும் எழுப்பாத அரைமணி.

நம் ஊரில் மதியத் தூக்கத்துக்கு இருக்கிற கெட்ட பெயரை நினைத்துப் பார்க்கிறேன். அரசு அலுவலகத்தில் மேசையில் தலை சாய்த்தவர் படம் மறுநாள் கைபேசி தோறும் சுற்றும். அவர் ராத்திரி எங்கே, எப்படிப் படுத்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

*

1973இல் கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்துச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. மனிதனை மனிதன் கையால் இழுக்கிற காட்சி தெருவிலிருந்து போனது. மிதிக்கிற கால் வலி போகவில்லை. அந்த வலிக்கு மாலையில் மருந்து என்று சொல்லிக்கொள்வது மது. மருந்து காலையிலேயே தொடங்கிவிடுவதும் உண்டு.

சென்னையின் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் 229 பேரிடம் ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் ஒரு சோதனை செய்தார்; 2019இல் வெளியிட்டார். தினமும் மாலை ஒரு அலுவலகத்துக்கு வந்து கருவியில் ஊத வேண்டும். குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். அதே இடத்தில் சேமிக்க ஒரு உண்டியலும் வைத்தார்கள். அவர்கள் குடியை விடவில்லை. மொத்தக் குடி பெரிதாகக் குறையவுமில்லை. பகலில் குடிப்பது ராத்திரிக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அந்தத் தள்ளிப்போடலிலேயே சேமிப்பு பாதியளவு கூடிவிட்டது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கிடைக்கிற நிச்சயப் பணத்தையும், குடிக்காமல் வந்தால் மட்டுமே முழுதாகக் கிடைக்கிற பணத்தையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டபோது, பாதிப்பேருக்கு மேல் இரண்டாவதைக் கேட்டார்கள். தனக்கு நட்டம் வந்தாலும் பரவாயில்லை, தன்னைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும் என்று கேட்ட மனிதர்கள். 'குடிகாரனுக்குத் தன்மேலேயே அக்கறை கிடையாது' என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் இந்த ஒரு தகவலைக் கொஞ்சம் மென்று பார்க்கலாம்.

2003 முதல் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் வசம் என்பதால், கடை எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முடிவு செய்வது அரசு. 2016இல் திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை அரசியல் மேடையில் கேலி செய்தார்கள். ரிக்‌ஷாக்காரர்களின் உண்டியலைப் பார்த்தபின் எனக்குக் கேலி வரவில்லை.

*

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசை. மஞ்சள் தடவிய நோட்டு, பேனாவைக் காதில் செருகிய உறவுக்காரர், பக்கத்தில் பணப்பை. வரிசையில் புருஷனும் பெண்டாட்டியும் கிசுகிசுப்பது கேட்கும்.

"பெரியப்பா எவ்வளவு எழுதினாரு?"

"ஆயிரத்தொண்ணு."

"அப்ப நாமளும் அதையே எழுதிடுங்க. கம்மியா எழுதினா நல்லாருக்காது."

வீட்டிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்த ஐந்நூறு, மேசைக்கு வருவதற்குள் ஆயிரமாகிவிட்டது. யாரும் மிரட்டவில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்துகளில் இது இன்னும் பெரிய கணக்கு. திருப்பிச் செய்யாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

சாலமன் ஆஷ் 1950களில் அமெரிக்காவில் செய்த கோட்டுச் சோதனையை உளவியல் புத்தகம் எல்லாவற்றிலும் போடுகிறார்கள். மூன்று கோடுகளில் எது, தனியே காட்டிய ஒரு கோட்டின் அதே நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடை. ஏற்கெனவே பேசிவைத்த மற்றவர்கள் எல்லாரும் தவறான கோட்டைச் சொல்கிறார்கள். அப்போது மூன்றில் ஒரு பங்கு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப்போயின. நான்கில் மூவர் ஒரு தடவையாவது மசிந்தார்கள். புத்தகங்கள் இங்கே நிறுத்திவிட்டு மனிதன் ஆட்டுமந்தை என்று எழுதிவிடுகின்றன. மூன்றில் இரண்டு பங்கு பதில்கள் கூட்டத்துக்கு எதிராகச் சரியாகவே வந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும்: கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியான விடையைச் சொன்னால் போதும், மசிவது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது.

மொய் மேசையில் முன்னால் நிற்கிற ஒருவர் கூச்சமில்லாமல் இருநூறு எழுதிவிட்டுப் பந்திக்குப் போனால், பின்னால் நிற்கிற எத்தனை பேருக்கு மூச்சு வரும்!

*

உபதேசம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு உளவியலாளர் கர்ட் லெவின் ஒரு நல்ல சான்று விட்டுப்போனார். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் நல்ல இறைச்சி படைக்குப் போனது. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்கும்படி அயோவா மாநிலத்து இல்லத்தரசிகளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சில குழுக்களுக்கு நன்றாகத் தயாரித்த சொற்பொழிவு: சத்து, தேசபக்தி, சமையல் குறிப்பு எல்லாம் உண்டு. மற்ற குழுக்களில் பெண்களே உட்கார்ந்து, வீட்டில் யார் முகம் சுளிப்பார்கள், வாடைக்கு என்ன செய்வது என்று தங்களுக்குள் பேசி, கடைசியில் செய்கிறவர்கள் கையைத் தூக்கினார்கள். பிறகு விசாரித்ததில், சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் சமைத்திருந்தார்கள். பேசியவர்களில் 32 சதவீதம்.

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் அதிகாரி பேசி முடித்துக் கார் ஏறிய பிறகுதான் உண்மையான கூட்டம் தொடங்கும் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும்.

*

தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைக்கிறது. பிறகு கருப்பொருள்: அந்த நிலத்து உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில். அப்புறம்தான் உரிப்பொருளாகிய காத்திருப்பும் ஊடலும் பிரிவும். முல்லையின் காத்திருப்புக்குக் காடும் கார்காலத்து மாலையும் தேவைப்படுகிறது. உச்சிவெயிலும் மணலும் அதற்கு இயல்பான பின்னணி அல்ல என்று அந்த மரபு கருதியது. ஆனால் அதே நூல் இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்றும் சொல்லிவிடுகிறது. கடைசியாக வருகிற உரிப்பொருளுக்கே மேலிடம். இடமும் பொழுதும் மனத்தைத் தீர்மானித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த இரண்டாம் பகுதி ஒரு தடை.

எனக்கும் அங்கேதான் தயக்கம். ஒரே வீட்டில், ஒரே கடனில், ஒரே புழுக்கத்தில் வளர்ந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் கலகலப்பாகவும் ஒருவர் சிடுசிடுப்பாகவும் இருப்பதை எல்லாக் குடும்பத்திலும் பார்க்கிறோம். சுற்றம் எல்லாவற்றையும் விளக்காது. தங்களைத் தாங்களே மாற்றிக்கொண்டவர்களை அது விளக்காது. வசதி எல்லாம் இருந்தும் மனம் நொறுங்கியவர்களை அது விளக்காது. மனச்சோர்வு நோயாக வந்தவருக்கு வீட்டு விசிறியைச் சரிசெய்து கொடுத்தால் தீராது. மருத்துவரிடம்தான் போக வேண்டும். நான் கேட்பது அதைவிடச் சிறியது. ஒருவரின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுமுன், அவர் நிற்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

*

நிற்கிற இடம் என்று சொன்னது உருவகமாக இல்லை.

பெரிய ஜவுளிக் கடைகளில் புடவைப் பிரிவில் வேலை செய்கிற பெண்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி கதவு இறங்கும்வரை நின்றபடியே இருப்பார்கள். பண்டிகைக் காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கிடைக்கிற சில நிமிடங்களில்தான் கால் மடங்கும். மாலை ஏழு மணிக்கு நாம் போய், அடுக்கின் மேல்தட்டைக் காட்டி, "அந்தப் பச்சையை எடும்மா, அதுக்குப் பக்கத்துல இருக்கிறதும்" என்கிறோம். முகத்தில் சிரிப்பில்லாமல் எடுத்துப் போடுகிறாள். வெளியே வந்து, "என்ன பொண்ணு இது, கஸ்டமர்கிட்ட இப்படியா மூஞ்சியைக் காட்டுறது!" என்கிறோம். கொஞ்சம் குனிந்திருந்தால் தெரிந்திருக்கும்: கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருக்கும், ஒரு காலை மற்றொன்றின் மேல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பாள். மேற்பார்வையாளர் பார்க்காதபோது அட்டைப்பெட்டியில் அரைக்கண நேரம் சாய்வாள்.

ஜவுளிக் கடை ஊழியர்களைப் பற்றிய வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தது. படத்தைப் பார்த்து அழுதவர்கள் அடுத்த தீபாவளிக்கும் அதே மாதிரிக் கடைகளுக்குப் போனார்கள். அது இயல்புதான், துணி வாங்கத்தானே வேண்டும். கடை ஊழியர்கள் உட்காருவதற்காகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் ஒவ்வொருவரும் உட்கார வசதியாக இருக்கை இருக்க வேண்டும், நாள் முழுக்க அவர்களை நிற்கவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால் மேலாளரிடம் ஏன் என்று கேளுங்கள். இருந்தும் யாரும் உட்காரவில்லையென்றால், அந்தப் பெண்ணிடம், "நீ உட்காரும்மா, நான் மெதுவா பார்த்துக்கறேன்" என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படிச் சொல்லுங்கள்.